மூடி சாய்ந்த பாத்திரங்கள்

ஒரு சிறுகதையின் கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது. எழுதியவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஓர் உருக்காலையில் ஸ்கிராப் யார்டில் வேலை பார்ப்பவர். அவர் பெயர் இதுவரை அச்சில் வந்ததில்லை. இங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கதையின் ஆறாம் பக்கத்தில் ஓர் இடம் வருகிறது. அந்த இடத்தைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

யார்டில் வேலை முடிந்து ஒருவன் வீட்டுக்கு வருகிறான். கை கால் கழுவுகிறான். பையன் தரையில் நோட்டைப் பரப்பிப்போட்டுக் கணக்குப் போடுகிறான். பக்கத்தில் ஜியோமெட்ரி பாக்ஸ் மூடிக் கிடக்கிறது. அவன் குனிந்து அதைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகிறான். பையன் தலை நிமிரவில்லை. அடுப்படியில் பால் பாத்திரத்தின் மேல் தட்டு சற்றே விலகி இருக்கிறது. அரிசி டின், பருப்பு டப்பா, மாவுத் தூக்கு எல்லாவற்றின் மூடியும் ஒரு விரல் இடம் விட்டுச் சாய்ந்திருக்கிறது. சர்க்கரை டப்பா மட்டும் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் நிற்கிறது. மனைவி சோறு போடுகிறாள். யாரும் யாரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

இதற்கான காரணம் நாலு பக்கம் முன்னாலேயே போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு மேஸ்திரி வேலை சொல்லிக்கொடுக்கிறார். மூடியது எதுவும் உலைக்குள் போகக் கூடாது. பழைய ஷாக் அப்சார்பர், சிலிண்டர், இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய், மூடி இறுகிப்போன பெயின்ட் டப்பா, எது கண்ணில் பட்டாலும் தனியே எடுத்துப் போடு. கேஸ் கட்டர் வந்து ஓட்டை போட்ட பிறகுதான் அது குவியலுக்குத் திரும்பும். இவ்வளவுதான் அவர் சொல்வது. சொல்லிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விடுகிறார்.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் உள்ள சங்கதி உருக்காலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். இண்டக்‌ஷன் உலையில் இரும்பு உருகிக் கிடக்கும்போது வெப்பம் 1,600 டிகிரியைத் தொடும். மூடிய டப்பாவுக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தால் போதும். ஆவியாகும்போது தண்ணீர் தன் அளவைப் போலச் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். போக வழி இல்லையென்றால் டப்பா வெடிக்கும். வெடித்தால் மேலே நிற்கும் குழம்பு இரும்பு எழுந்து, உலை மேடையில் நிற்பவர்கள் மேல் கொட்டும். ஆக, மேடையில் நிற்பவனின் உயிர் கீழே யார்டில் இரும்பு பொறுக்குகிறவனின் கண்ணில் இருக்கிறது. நாள் முழுக்க அந்தக் கண், மூடியிருக்கும் பொருளைத் தேடிக்கொண்டே இருக்கிறது. எட்டு மணி நேரம், ஓ.டி. விழுந்தால் பன்னிரண்டு மணி நேரம், அதே தேடல். வேலை முடிந்து கேட்டைத் தாண்டினால் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்?

இந்தக் கேள்வியை நான்தான் கேட்கிறேன். கதை கேட்கவில்லை. முதல் நயம் அதுதான். காரணத்தை இரண்டாம் பக்கத்தில், வேறொரு ஆளின் வாயில், வேறொரு வேலையின் போக்கில் போட்டுவிட்டார். விளைவை ஆறாம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்தார். இரண்டுக்கும் நடுவே கேன்டீன் வருகிறது, பஸ் வருகிறது, சம்பள பாக்கி வருகிறது. வாசகன் ஜியோமெட்ரி பாக்ஸுக்கு வரும்போது அவன் மனசே ஓடிப்போய் மேஸ்திரியின் பேச்சை எடுத்துக்கொண்டு வருகிறது. அந்த ஓட்டத்தை வாசகனுக்கு விட்டுவைத்ததில் ஒரு மரியாதை இருக்கிறது.

அடுத்தது அந்தப் பையன். அப்பா வந்து பெட்டியைத் திறக்கிறார்; அவன் நிமிரவில்லை. ‘தினமும் இப்படித்தான்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதாமல், நிமிராத ஒரு தலையை வைத்தார். எத்தனை மாதமாக, எத்தனை வருஷமாக இது நடக்கிறது என்பது முழுக்க அந்தத் தலையில் இருக்கிறது. அதைவிட நுட்பம், அந்த வீட்டில் அது ஒரு வியாதியாக மதிக்கப்படவில்லை என்பது. கேலியும் இல்லை, கண்டிப்பும் இல்லை. பக்கத்து அறை மின்விசிறியின் சத்தத்தைப் போல அந்த வீட்டில் அது கலந்துபோயிருக்கிறது.

மனைவியிடம் வரும்போதுதான் நான் பிரதியைக் கீழே வைத்தேன். புருஷன் திறக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அவன் வருவதற்கு முன்பே எல்லா மூடியையும் ஒரு விரல் சாய்த்து வைத்துவிடுகிறாள். உலையைப் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரியும், அவன் சொன்னானா, தானாகக் கண்டுகொண்டாளா என்பதெல்லாம் கதையில் இல்லை. அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும், மூடாத டப்பாவில் எறும்பு ஏறும், அரிசியில் வண்டு விழும், பாலில் பல்லி விழும். இத்தனையும் தெரிந்த ஒருத்தி மூடிகளைச் சாய்த்து வைக்கிறாள் என்றால் அது சின்னக் காரியம் இல்லை. அப்போதும் சர்க்கரையை மட்டும் எறும்புக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்துவிட்டாள். நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து இருக்கிற அதே தண்ணீர்த் தட்டு. அவனுக்காக மூடியைத் திறந்தும் வைக்க வேண்டும், சர்க்கரையும் மிஞ்ச வேண்டும். இரண்டுக்கும் அவள் கண்டுபிடித்த வழி அந்தத் தட்டு. பத்து வருஷத் தாம்பத்யம் அதில் நிற்கிறது. ‘அன்பு’ என்று ஒரு இடத்தில்கூட எழுதாமல் இதைச் சாதித்திருக்கிறார்.

இந்த ஆறாம் பக்கத்துக்கு அவர் எளிதில் வந்து சேரவில்லை. முன்பு எழுதிய பிரதிகளையும் காட்டினார். முதல் கதையில் கதாநாயகன் ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர், ஓ.எம்.ஆரில் வேலை, கடற்கரையில் காதலியோடு பேசுகிறான். இன்னொன்றில் சுதந்திரப் போராட்டத் தியாகி. மூன்றாவதில் ஆலை வந்தது. ஆனால் ‘இயந்திரங்கள் ஓலமிட்டன’, ‘உழைப்பாளியின் வியர்வை முத்துகள்’ என்ற பாஷையில் வந்தது. அவர் பத்து வருஷமாகப் பார்க்கிற இரும்பு அதில் ஒரு கிலோகூட இல்லை.

“இதுல இன்னா இருக்குதுண்ணா? தினம் நடக்கறதுதானே. இதப் போய் யாரு படிப்பாங்க?” என்றார், மூடிய டப்பாக்களைப் பற்றி முதன்முதலில் டீக்கடையில் வாய்ப்பேச்சாகச் சொன்னபோது.

புதிதாக எழுத வருகிறவர்களின் கஷ்டங்களைப் பற்றிப் பேசும்போது நேரமில்லை, பத்திரிகைகள் போடுவதில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்தவரை அவற்றுக்கெல்லாம் முந்தைய கஷ்டம் இது. தன் கையில் இருக்கும் சரக்கு கதைக்கு ஆகாது என்ற எண்ணம். கதை என்றால் வேறு எங்கோ, வேறு யாருக்கோ, நல்ல சட்டை போட்டவர்களுக்கு நடப்பது என்ற எண்ணம். தினமும் தொடுகிற பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அந்தப் பொருள் மறுபடி கண்ணில் பட, சிலருக்குப் பத்து வருஷம் ஆகிறது.

விந்தனை நினைத்துக்கொள்கிறேன். கோவிந்தன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் (1916–1975) அச்சுக்கோப்பவராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஆனந்த விகடன் அச்சகத்தில் கோத்தார், பிறகு கல்கியில் கோத்தார். மற்றவர்கள் எழுதிய கதைகளை எழுத்து எழுத்தாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தவர், தாமே கதை எழுதினார். கல்கியின் ஆசிரியர் குழுவுக்குள்ளும் வந்தார். அவருடைய ‘முல்லைக் கொடியாள்’ தொகுப்பு 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பரிசைப் பெற்றது. அச்சுக்கோப்பு என்பது என்ன வேலை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஈய எழுத்துகள் அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டிகளில் கிடக்கும். ஒரு ‘க’வுக்கு ஒரு தடவை கை போக வேண்டும், ஒரு புள்ளிக்கு இன்னொரு தடவை. எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும். அவற்றைத் தலைகீழாகவே வாசிக்கக் கண் பழகும். வீணாக ஒரு அடைமொழி வந்தால் அதற்கும் விரல் ஏழெட்டு முறை போய் வரவேண்டும். ஒரு வாக்கியத்தின் நீளத்தைக் கை வலியாகத் தெரிந்துகொண்ட எழுத்தாளர்கள் தமிழில் அதிகம் பேர் இல்லை. விந்தனின் கதைகளில் ஏழைகள் அலங்காரம் இல்லாமல் பேசுவதைப் படிக்கும்போது எனக்கு அந்த மரப்பெட்டி ஞாபகம் வரும். இது என் ஊகம்தான். ஆனாலும் அந்த ஊகத்தை விட மனசில்லை.

மேலாண்மை பொன்னுச்சாமி (1951–2017) ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் சொந்தமாகச் சிறு கடை வைத்திருந்தார். செம்மலர் இதழில் எழுதத் தொடங்கி, அந்தக் கரிசல் கிராமத்து மனிதர்களையே திரும்பத் திரும்ப எழுதினார். ‘மின்சாரப்பூ’ தொகுப்புக்கு 2007-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கடைக்காரருக்கு ஊரில் யார் வீட்டில் இன்று எண்ணெய் இல்லை, யார் கடன் சொல்லும்போது குரல் தாழ்கிறது என்பது தெரியும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத பாடம் அது.

இப்படிச் சொல்வதால் வேலை பார்ப்பவன் எல்லோரும் எழுத்தாளன் ஆகிவிடுவான் என்று ஆகாது. கையில் இருக்கும் விவரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பாடு. அசோகமித்திரனை எடுத்துக்கொள்வோம். ஜெமினி ஸ்டுடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் அங்கே பார்த்த வேலைகளில் ஒன்று, பத்திரிகைகளிலிருந்து செய்திகளைக் கத்தரித்து ஒட்டி வைப்பது. அப்படிப்பட்ட மேசையில் உட்கார்ந்தவர் பின்னால் ‘புலிக்கலைஞன்’ என்று ஒரு கதை எழுதினார். வேலை கேட்டு வரும் ஒரு மெலிந்த மனிதன், புலி முகமூடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிறிய ஆபீஸ் அறைக்குள்ளேயே புலியாகப் பாய்ந்து காட்டுகிறான். தமிழில் இதைப் போல ஒரு பாய்ச்சல் இன்னும் எழுதப்படவில்லை என்று நினைப்பவர்களில் நான் ஒருவன்.

ஆனால் கதை எங்கிருந்து தொடங்குகிறது? அந்த ஆபீஸின் டிபன் இடைவேளை எத்தனை மணிக்கு என்பதிலிருந்து. வேலை நேரம், வேலை இல்லாத நேரம், அறையில் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்ற சாதாரணச் சமாசாரம். வாசகன் அந்த மேசை நாற்காலிகளை நன்றாகப் பழகிக்கொள்கிறான். பிறகு புலி பாயும்போது அது அந்த மேசை நாற்காலிகளுக்கு நடுவேதான் பாய்கிறது. அந்த அறையை நாம் அறிந்திருப்பதால் நமக்கு மூச்சு நிற்கிறது. பாய்ந்து முடித்த கணத்தில் அவன் மறுபடி வேலை கேட்கும் ஏழை மனிதனாகி நிற்கிறான். பின்னால் ஒரு படத்துக்காக அவனைக் கூப்பிட்டு எழுதும் கடிதம், ஆள் இல்லையென்று திரும்பி வந்துவிடுகிறது. ஆபீஸ் கடிதம் போவதும் திரும்புவதும் கிளார்க்குக்குத் தெரிந்த விஷயம். ஒரு மனிதனின் மறைவைச் சொல்ல அந்தக் கிளார்க் விவரமே போதுமானதாக இருந்திருக்கிறது.

ப.சிங்காரத்தின் கதை இன்னும் நெடியது. சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்து, இளவயதில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கப் போய், போருக்குப் பின் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒற்றை அறை. ‘கடலுக்கு அப்பால்’ நாவல் பதிப்பாளர் பலரிடம் போய்த் திரும்பியது. கலைமகள் போட்டியில் பரிசு வாங்கிய பிறகுதான் 1959-ல் புத்தகமாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ 1972-ல் வந்தது. அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. இரண்டே இரண்டு. இந்தச் செய்தியை எப்போது படித்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் அந்த இரண்டாவது நாவலில் இருக்கும் தெருக்களைப் பாருங்கள். கடல் தாண்டிப் போன ஒருவன் சின்னமங்கலத்தின் தெருக்களை நினைத்துக்கொள்கிறான்: எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, யார் எங்கே நிற்பார்கள், சந்தை நாளில் என்ன வாசனை. பக்கம் பக்கமாகப் போகிறது. நடப்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு பத்தியைத் தாண்டிப் போக முடியவில்லை. எழுதியவரோ மதுரையில் அறையில் இருந்துகொண்டு மேடானின் தெருக்களை அதே துல்லியத்தோடு ஞாபகத்திலிருந்து எடுத்து வைத்தார். அங்கிருப்பவன் இந்த ஊரை நினைக்கிறான், இங்கிருப்பவர் அந்த ஊரை நினைக்கிறார். ஊரைப் பிரிந்து வேலைக்குப் போனவனின் மனசுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடைக்குமா என்று தெரியவில்லை.

நம் வட்டாரத்துக்கு அருகில் வந்தால் பாலகுமாரன் இருக்கிறார். டாஃபே டிராக்டர் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய ‘இரும்பு குதிரைகள்’ லாரிகளின் உலகம். அதில் வரும் விஸ்வநாதன் வேலைக்கு நடுவே குதிரைகளைப் பற்றிக் கவிதை எழுதுகிறான். சரக்கு ஏற்றி அனுப்பும் வேலையும் கவிதையும் ஒரே ஆளிடம். கல்கத்தா நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையிலிருந்து எளாவூர் சோதனைச்சாவடி வரை ராத்திரியில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும் யாருக்கும் அந்தத் தலைப்பு ஞாபகம் வராமல் போகாது.

திரும்பவும் நம் ஆளிடம் வருகிறேன். அவர் கதையின் பத்திகள் எல்லாமே சிறியவை. ஐந்து வரி, ஆறு வரி. முதலில் இது ஏதோ பாணி என்று நினைத்தேன். கேட்டபோது காரணம் தெரிந்தது. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி மீஞ்சூரில் இறங்குகிறார். கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர். மூர் மார்க்கெட் போகிற அந்த மின்சார ரயிலில், ஏ ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு நடுவே, இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் கதவோரம் சாய்ந்து, போனில் தட்டுகிறார். ஸ்டேஷன் வந்தால் கூட்டம் ஏறும், கை இடிபடும். அதனால் எடுத்த பத்தியை அடுத்த ஸ்டேஷனுக்குள் முடித்துவிட வேண்டும். அந்தக் கட்டாயம் அவர் எழுத்துக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு பத்தியும் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு நின்றுவிடுகிறது. ஜியோமெட்ரி பாக்ஸ் ஒரு பத்தி. மூடிகள் ஒரு பத்தி. சர்க்கரை டப்பாவுக்குத் தனிப் பத்தி; அது இரண்டே வாக்கியம். ஒருவேளை அன்றைக்குப் பொன்னேரி சீக்கிரம் வந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து நோட்டில் எடுத்தெழுதும்போதும் அதை நீட்டாமல் விட்டார் என்பதுதான் முக்கியம். நீட்டாமல் விடத் தெரிவது பெரிய விஷயம்.

சி ஷிஃப்ட் வாரத்தில், அதாவது ராத்திரி வேலையில், எதுவும் எழுதுவதில்லை. மின்கட்டணச் சலுகை இரவில் கிடைப்பதால் உலைகள் இரவில்தான் முழுமூச்சாக ஓடும். விடிய விடிய ஸ்கிராப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பகலில் தூக்கம். தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில் அதைத் தூக்கம் என்று சொல்ல முடியுமானால். அந்த வாரம் முடிந்து மறுபடி எழுத உட்காரும்போது கதையின் ஆட்கள் அந்நியமாகிவிடுகிறார்கள் என்கிறார். விட்ட இடத்தைப் பிடிக்க அவர் கண்டுபிடித்த வழி: கடைசியாக எழுதிய பத்தியை மறுபடி கையால் ஒரு தடவை எழுதுவது. எழுதும்போது சில சொற்கள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன. பிரதியில் அந்த இடங்கள் தெரியும். ‘பதற்றத்தோடு குனிந்து’ என்பது அடுத்த முறை ‘குனிந்து’ என்று மட்டும் ஆகியிருக்கிறது. அந்த ஒரு சொல் போனதால்தான் பையன் நிமிராமல் இருப்பது பொருந்துகிறது. அப்பா பதறியிருந்தால் பையன் நிமிர்ந்திருப்பான்.

பேச்சு வழக்கு அவருக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. யார்டில் பீகாரிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள், சூளூர்ப்பேட்டை, தடா பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக்காரர்கள் இருக்கிறார்கள். யாருடைய பேச்சை எப்படி எழுதுவது? முந்தைய பிரதியில் இந்தி வசனங்களைத் தமிழ் எழுத்தில் போட்டு, அடுத்த வரியில் அர்த்தம் கொடுத்திருந்தார். படிக்க முடியவில்லை. இந்தப் பிரதியில் அதை அவர் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. யார்டில் சத்தம் அப்படி. பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அங்கே பாஷை கைதான். கிரேன் ஆபரேட்டருக்கு ஒரு விரலைச் சுழற்றினால் ‘மேலே தூக்கு’. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் ‘மெதுவாக இறக்கு’. முஷ்டியை மூடிக் காட்டினால் ‘நிறுத்து’. கதையில் வரும் ஒரு பீகார் பையனுக்கும் கதாநாயகனுக்கும் இடையில் முழு நட்பும் கைகளால் நடக்கிறது. ஒரு காட்சியில் பையன் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறான். சத்தமே இல்லாத இடம். கதாநாயகன் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடப் போகிறான். பையன் வாயைத் திறக்காமல் முஷ்டியை மூடிக் காட்டுகிறான். கிரேனுக்குக் காட்டுகிற அதே முஷ்டி. நான் சிரித்துவிட்டேன், அடுத்த நொடியே அந்தப் பையன் எவ்வளவு நேரம் அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறான் என்பது உறைத்தது.

இந்தக் கதை எங்கே அச்சாகும்? இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த கதைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துப் பெயரற்ற பலரை வெளியே கொண்டுவந்தது. கணையாழியின் தி.ஜானகிராமன் நினைவுக் குறுநாவல் போட்டியும் அப்படித்தான். தபால்தலை ஒட்டிய உறையோடு கதையை அனுப்பி வாசலில் தபால்காரரை எதிர்பார்த்த தலைமுறை அது. இன்று வார இதழ்களில் கதைக்கான பக்கங்கள் சுருங்கிவிட்டன. இணைய இதழ்கள் பல இருக்கின்றன. ஆனால் நிராகரித்தோம் என்று ஒரு வரி எழுதவும் பலருக்கு ஆளில்லை. பதில் இல்லாத அந்த மௌனம் அவரை உலுக்குகிறது. தன் கதை நன்றாயில்லையா, யாரும் திறந்தே பார்க்கவில்லையா என்று தெரியாத நிலை. இதற்கு நான் மருந்து சொல்ல முடியாது. கதையைப் படித்த ஒருவன், எந்த வரி எதனால் நன்றாயிருக்கிறது என்று விவரமாகச் சொல்லலாம். ‘சூப்பர்’ என்று அனுப்பும் ஒற்றைச் சொல்லில் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பால் பாத்திரத்தின் தட்டு எத்தனை விரல் விலகியிருக்கிறது என்று கவனித்தேன் என்பதில் இருக்கிறது.

கதையில் ஒரு பத்தியை எடுத்துவிடலாமா என்று அவர் என்னைக் கேட்டார். கேஸ் கட்டிங் செய்பவருக்கு டன் கணக்கில் கூலி. மூடிய பொருள்களைத் தேடி எடுத்து ஓட்டை போடுவது அந்தக் கணக்கில் சேராது. ஒரு ஷாக் அப்சார்பருக்குச் செலவாகும் நேரம் அவருடைய நஷ்டம். இது ஒரு கணக்கு. கதை ஓட்டத்தில் கொஞ்சம் தடங்கலும்கூட. வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அந்தக் கணக்கு இருப்பதால்தான் ஒவ்வொரு ஓட்டைக்கும் எடை கூடுகிறது. கூலி இல்லாத நேரத்தில், யாரோ ஒருவர் முகம் தெரியாத மேடை ஆளுக்காகத் தீப்பொறிக்கு முன் குந்துகிறார். அதை உயர்த்திச் சொல்லாமல், டன்னுக்கு இவ்வளவு என்ற நடையிலேயே அவர் எழுதியிருப்பது சரி. மில்லில் வேலை பார்த்த ஒருவர் படித்தால் முதலில் அந்தப் பத்தியைத்தான் தேடுவார்.

இப்போது இரண்டாவது கதையைத் தொடங்கியிருக்கிறார். எடைமேடையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் ஒருவனைப் பற்றி. முதல் பக்கம் மட்டும் காட்டினார். பழைய இரும்பு ஏற்றிய லாரி மேடையில் ஏறுகிறது. சரக்கோடு எடை போடும்போது டிரைவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, எடை பதிவதற்குச் சற்று முன்னால் டீ குடிக்க இறங்கிப்போகிறார். திரையில் எண் நடுங்கி நிற்கிறது. ஓர் ஆளின் எடை இரும்பின் கணக்கில் சேர்ந்துவிட்டதை எடைமேடைக்காரன் பார்த்துவிடுகிறான். அந்த டிரைவர் அவன் ஊர்க்காரர், உறவுமுறையில் மாமா. பக்கம் அங்கே முடிகிறது. அவன் ரசீதில் எந்த எண்ணை எழுதுவான் என்று கேட்டேன். அடுத்த ஏ ஷிஃப்ட் வாரத்தில்தான் தெரியும் என்றார்.